மேலே பேச்சு, கீழே முகம்

யார் கேட்டார்கள் இதை? முதலில் இதற்கு யாராவது பதில் சொல்லட்டும், மற்றதைப் பிறகு பேசலாம். ஒரு வியாழக்கிழமை காலை என் அண்ணன் எழுந்து போனைக் கையில் எடுத்தபோது, அவர் தூங்குகிற நேரத்தில் அது தன்னைத்தானே மாற்றிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு அறிவிப்பு வேறு: "உங்கள் அனுபவத்தை இன்னும் எளிமையாக்கியிருக்கிறோம்." கீழே "சரி" என்று ஒரே ஒரு பொத்தான். வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை. அண்ணன் அதை அழுத்தினார். அழுத்தாமல் என்ன செய்வது, அழுத்தினால்தானே மணி என்ன என்றாவது பார்க்க முடியும்.

அண்ணன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டு மிஷின் ஓட்டுகிறவர். தட்டையாக வருகிற அட்டையை அந்த மிஷின் ஒரே அமுக்கில் பெட்டிக்கு வேண்டிய உருவத்தில் வெட்டித் தள்ளும். ஒவ்வொரு அமுக்குக்கும் தரை அதிரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காதை மூடிக்கொள்ள ஏதோ கொடுத்தார்களாம். அதை மாட்டினால் மிஷின் எப்போது மக்கர் பண்ணப்போகிறது என்று தெரியவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார். மிஷினை நன்றாகக் கேட்டார். இப்போது மனுஷர் பேசுவது கேட்பதில்லை. காதுக்கருவி வாங்கி மாட்டிப் பார்த்தோம். அதில் சத்தம்தான் பெரிதாகிறது, சொல் தெளிவாவதில்லை. பாத்திரம் விழுந்தால் தூக்கிப் போடும் அவருக்கு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பத் தெரியாது. தன் குரல் தனக்கே எட்டாததால் தெருவே கேட்கிற மாதிரி பேசுவார். தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர் ஸ்பீக்கர். "ஸ்பீக்கர் அண்ணே, டீ வந்தாச்சு" என்று தோளைத் தட்டிச் சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

காது போனதுகூடப் பரவாயில்லை. காது போனவரிடம் எல்லாரும் சொல்கிற ஒரு வார்த்தை இருக்கிறதே, "ஒண்ணுமில்ல", அதுதான் என் வயிற்றெரிச்சல். பத்துப் பேர் உட்கார்ந்து பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம். "என்ன, என்ன" என்று கேட்பார். "ஒண்ணுமில்ல, சும்மா ஏதோ பேசிட்டிருந்தோம்." அரை மணி நேரம் எதற்கு வயிறு குலுங்கச் சிரித்தோம் என்பது அவருக்கு ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். எல்லாரும் சிரித்தால் தானும் சிரிப்பார், யாராவது தன்னைப் பார்த்து எதையாவது சொல்லி நிறுத்தினால் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலால் வந்த வினை கொஞ்சநஞ்சமில்லை. ஒரு தடவை மேஸ்திரி ஏதோ கேட்டிருக்கிறார், இவர் தலையாட்டியிருக்கிறார், அடுத்த வாரம் பார்த்தால் தொழிற்சாலை விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கிற அணிக்கு இவர்தான் தலைவர். முதுகு பிடித்துக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தார்.

தலையாட்டலோடு கூட ஒரு வசனமும் வைத்திருந்தார். கேள்வி என்னவென்று பிடிபடாவிட்டால், முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, "எல்லாம் போகப் போகச் சரியாயிடும், கொஞ்சம் பொறுத்துக்கோ" என்பார். பத்துக்கு எட்டு இடத்தில் அது பொருந்தியும்விடும். மனுஷர் எதைப் பேசினாலும் கடைசியில் குறை சொல்லித்தானே முடிக்கிறார்கள்.

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சனிக்கிழமை மதியம் அம்மாவைக் கூப்பிடுவாள். அவள் பேச்சு கொட்டுகிற மழை. அண்ணி போனைக் காதில் வைத்தால் அடுப்பு அணைந்து, சோறு ஆறி, வாசல் வெயில் நகர்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள். அண்ணன் பக்கத்திலேயே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போனை வைத்ததும் "என்ன சொன்னா?" என்பார்.

"நல்லா இருக்காளாம்" என்பாள் அண்ணி.

"அப்புறம்?"

"சாப்பிட்டாளாம்."

அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். "இவ்ளோ நேரம் அவ பேசினதை நான் எங்கேருந்து திருப்பிச் சொல்றது? அதுவும் கத்திச் சொல்லணும். தொண்டைத் தண்ணி வத்திடுது" என்று என்னிடம் அழுதிருக்கிறாள். அவள் பாடு அவளுக்கு. ஆனால் பெற்ற மகளைப் பற்றி வருஷக்கணக்காக அண்ணனுக்குத் தெரிந்தது நல்லா இருக்காளாம், சாப்பிட்டாளாம், அவ்வளவுதான்.

அப்புறம்தான் இந்தப் போன் வந்தது. அதில் பேச்சை எழுத்தாக்கும் ஒரு செயலி இருந்தது. போனில் வருகிற பேச்சையும் எழுதும், எதிரில் நிற்பவர் பேசுவதையும் எழுதும். அதைவிடப் பெரிய விஷயம், திரையை இரண்டாகப் பிரிக்க முடிந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. அண்ணனே நோண்டி நோண்டிக் கண்டுபிடித்தார். மேலே எழுத்து ஓடும், கீழே வீடியோவில் மகள் முகம். நடுவில் ஒரு கறுப்புக் கோடு, விரலால் ஏற்றி இறக்கலாம். மகள் வேகமாகப் பேசினால் கோட்டை இறக்கி எழுத்துக்கு இடம் கொடுப்பார். அவள் முகம் சுண்டினால் கோட்டை ஏற்றி முகத்தைப் பெரிதாக்குவார். மிஷினில் கைப்பிடியைத் திருகுகிற அதே விரல், அதே கவனம்.

முதல் சனிக்கிழமை பேசி முடித்துவிட்டு என் வீட்டுக்கே நடந்து வந்தார். நான் பக்கத்துத் தெருதான். "நம்ம பொண்ணு இவ்ளோ வாயாடின்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். "அவ மேனேஜரை என்ன திட்டு திட்றா தெரியுமா? எங்க ஷிப்ட்ல கூட அப்படித் திட்ட ஆளில்ல." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள், நாள் முழுக்க எரிந்து விழுகிறவள், அன்றைக்கு யாரிடமும் எரிந்து விழவில்லை.

அந்தக் கோட்டைத்தான் எடுத்துவிட்டார்கள்.

இப்போது ஒரு நேரத்தில் ஒன்றுதான். முகத்தைத் திறந்தால் எழுத்து தூங்கிப்போகும். அந்த நேரத்தில் அவள் பேசியது போனது போனதுதான், பிறகு போய்ப் பார்த்தாலும் இருக்காது. எழுத்தைத் திறந்தால் அவள் முகம் மறையும், அவளுக்கும் அப்பா முகம் தெரியாது. அண்ணன் அந்த வியாழக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, சர்வீஸ் சென்டரில் டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். கண்ணாடிச் சுவர், குளிர்பதனம், சுவர் முழுக்கச் சிரித்த முகங்கள். கவுண்டரில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண்.

"இப்ப ரொம்ப ஈஸி சார். ஒரு நேரத்துல ஒரு வேலை. குழப்பமே இருக்காது" என்றாள்.

அண்ணன் போனை அவள் வாய்க்கு நேராக நீட்டி, அது எழுதியதைப் படித்தார். பிறகு சென்டர் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்: "எனக்கு முன்னாடி குழப்பம் இல்லம்மா. இப்பதான் குழப்பம்."

"ரெண்டா பிரிக்கிறதை யாரும் அவ்வளவா யூஸ் பண்றதில்ல சார். நூத்துல ரெண்டு பேர் இருந்தா அதிகம். அதான் எடுத்துட்டாங்க."

அவர் படித்தார். "அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் உன் எதிர்லதான் உக்காந்திருக்கேன்."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அதற்குள் சுர்ரென்று ஏறிவிட்டது. "வேணாங்கறவங்களுக்கு வேணாம். அதுக்காக வேணுங்கறவங்ககிட்டேருந்து பிடுங்கணுமா? செட்டிங்ஸ்ல ஏதாவது ஒரு மூலையில ஒளிச்சு வெச்சிருக்கக் கூடாதா? தேவைப்பட்டவன் தேடி எடுத்துக்க மாட்டானா?"

"நிறைய ஆப்ஷன் இருந்தா கஸ்டமர்ஸ் பயந்துடறாங்க மேடம்."

"நாங்க பயந்தோமா? உங்ககிட்ட வந்து பயமா இருக்குன்னு சொன்னோமா?"

"பழையபடி மாத்திக் குடு, அது போதும்" என்றார் அண்ணன்.

"அது முடியாது சார். ஒருதடவை அப்டேட் ஆயிட்டா திரும்பப் போக முடியாது." பிறகு மேனேஜர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னாள்: "எனக்கும் பிடிக்கல மேடம். நானும் மேல பாடம், கீழ நோட்ஸ்னு வெச்சுதான் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன். நாங்க சொன்னா யார் கேக்கறாங்க." அவ்வளவு மெல்லப் பேசியதைச் செயலியும் எழுதவில்லை. "என்ன சொன்னா?" என்றார் அண்ணன். "ஒண்ணு..." என்று ஆரம்பித்த நான் நாக்கைக் கடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராகத் திரும்பி, அவள் சொன்னதை முழுசாகச் சொன்னேன். நேராக நின்று நிதானமாகப் பேசினால் நான் சொல்வதை முக்கால்வாசி உதட்டிலேயே பிடித்துவிடுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. அண்ணி போனிலும் இதே மாற்றம் வந்தது, அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. அவள் போனில் எப்போதும் எதையாவது அழுத்தி எங்கேயாவது போய் மாட்டிக்கொண்டு "இது எங்கேயோ போயிடுச்சு, வா" என்று என்னைக் கூப்பிடுவாள். இப்போது எங்கேயும் போவதில்லை, போக வழியில்லை. எளிமை அவளுக்கு நல்லதுதான். அவளுக்கு நல்லது என்பதற்காக அண்ணனுக்கும் அதுதான் என்று முடிவு பண்ண இவர்கள் யார்? நேரில் வந்து ஒரு வார்த்தை கேட்டார்களா? வேறு போன் பார்க்கலாம் என்றேன். "பாப்போம், ரெண்டு வாரம் சமாளிச்சுப் பாக்கறேன்" என்றார். அந்தச் சனிக்கிழமைதான் எல்லாம் கெட்டது.

அன்றைக்கு அண்ணி வீட்டில் இல்லை, பல் வைத்தியரிடம் போயிருந்தாள். மகள் வழக்கத்துக்கு முன்னாலேயே கூப்பிட்டாள். அண்ணன் முகத்தைத் திறந்தார். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். எழுத்துக்குப் போனார். "வேலைக்கு இனிமேல் வர வேண்டாம்னு" என்று ஓடியது. மேனேஜரோடு மறுபடியும் தகராறு என்று நினைத்துக்கொண்டார். அப்பா முகம் தெரியலையே என்று அவள் கேட்டதும் எழுத்தில் வந்தது. சரியென்று முகத்துக்குத் திரும்பினார். அவள் பேசிக்கொண்டே போனாள். மறுபடி எழுத்து: "அவர் எதுக்கு உனக்குக் கஷ்டம்னு சொல்றார்." மறுபடி முகம். இப்படி அங்குமிங்கும் தாவித் தாவி, வாசற்படியில் நின்றுகொண்டு உள்ளே நடப்பதையும் தெருவில் நடப்பதையும் ஒன்றாகப் பார்க்க முயல்கிறவரைப் போல, இரண்டிலும் பாதிப் பாதி கிடைத்தது. கடைசியில் முகத்தில் நின்றபோது அவள் பேச்சை நிறுத்தி, கண் எடுக்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டிருக்கிறாள். என்ன கேட்டாள் என்று திரும்பக் கேட்கலாம். கேட்டால் எழுத்துக்குப் போக வேண்டும், அவள் மறுபடியும் முகம் தெரியலையே என்பாள். இவருக்கு வெட்கமாகப் போயிற்று.

தலையாட்டினார். "எல்லாம் போகப் போகச் சரியாயிடும்மா. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார்.

அவள் சொன்னதை உதட்டிலேயே படித்துவிட்டார். "சரிப்பா." அதைப் படிக்க முடிந்ததில் அவருக்குச் சந்தோஷம். சாயங்காலம் என்னிடம் வந்து, "பரவாயில்ல, சமாளிச்சுட்டேன்" என்று பெருமையாகவே சொன்னார்.

மறுநாள் காலை நான் கடையில் இருந்தபோது எனக்குப் போன் வந்தது. மகள்தான். மழைபோலப் பேசுகிறவள் ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, அவளைக் கேட்காமலே அவள் பெயரில் அவள் கம்ப்யூட்டரிலிருந்தே ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டானாம். போன திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது இனிமேல் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டமெல்லாம், நான் பாத்துக்கறேன்" என்கிறானாம். வீட்டுச் சாவி ஒன்றே ஒன்றுதான், அது அவன் பையில். யாரோடு பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்பதும் அவன் சொல்கிறபடிதானாம், ரொம்ப நாளாகவே.

"அங்க என்னடி உனக்கு? கிளம்பி வா" என்றேன்.

"அப்பாவைக் கேட்டுட்டேன் அத்தை. நேத்து எல்லாத்தையும் சொல்லி, நான் அங்க வந்துடட்டுமாப்பான்னு கேட்டேன். பொறுத்துக்கோன்னு சொல்லிட்டார்." கொஞ்சம் நிறுத்தினாள். "என்னைப் பாத்து சிரிச்சுக்கிட்டே சொன்னார் அத்தை."

பில் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. வரிசையில் நின்ற ஆள் "மேடம், மேடம்" என்கிறார். கடையை முதலாளியிடம் விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அண்ணியிடம்தான் முதலில் சொன்னேன். அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லாத. வேலை போயிடுச்சு, கொஞ்ச நாள் இங்க வராளாம்னு மட்டும் சொல்லு. தான் அப்படிச் சொன்னேன்னு தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிடுவார்."

"இத்தனை வருஷமா சுருக்கிச் சுருக்கிச் சொன்னது போதாதா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன்.

அண்ணன் பின்கட்டில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் போனை எடுத்து, செயலியைத் திறந்து, என் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு மகள் சொன்ன அத்தனையையும் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னார் என்று அவள் சொன்னதையும் விடவில்லை. அவர் படித்தார். கீழேவரை போய், மறுபடி மேலே ஏற்றி இன்னொரு தடவை படித்தார். துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து சைக்கிள் சீட்டின்மேல் வைத்தார். "நானா சொன்னேன்?" என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை.

உடனே கூப்பிட்டார். முகமா எழுத்தா என்று ஒரு நொடி விரல் தயங்கியது. இன்றைக்கு ஒரு சொல்கூடத் தப்பக் கூடாது என்று எழுத்தைத் திறந்தார்.

"அம்மா, அப்பா பேசறேன். நேத்து நீ கேட்டது எனக்கு விளங்கலம்மா. நீ என்ன கேட்டேன்னே தெரியாமச் சொல்லிட்டேன். நீ வந்துடு. இது உன் வீடு. இன்னைக்கே வந்துடு."

திரை காலியாக இருந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். லைன் போய்விட்டதா, அவள் கோபமாக வைத்துவிட்டாளா, ஒன்றும் தெரியாது அவருக்கு. பக்கத்தில் நின்ற எனக்கும் அண்ணிக்கும் கேட்டது. அவள் அந்தப் பக்கம் விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாள். வார்த்தையில்லாத சத்தம் எதுவானாலும் அந்தச் செயலி தனக்குத் தோன்றிய ஒரு பெயரை அடைப்புக்குறிக்குள் போடும். இதற்கும் போட்டது.

(சிரிப்பு)

"ஏம்மா சிரிக்கிறே?" என்றார் அண்ணன்.

(சிரிப்பு) (சிரிப்பு)

நான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "அண்ணா, அவ சிரிக்கல. அழறா" என்றேன். என் உதட்டைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். இந்தப் போனைச் செய்தவன், இதை எளிமையாக்கியவன், நூற்றில் இரண்டு பேர்தானே என்று கணக்குப் போட்டவன், ஒருவன் விடாமல் அத்தனை பேரையும் அந்த நிமிஷம் அந்தப் பின்கட்டில் கொண்டுவந்து நிறுத்த முடிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் கத்தவில்லை. "அங்கேயே இரு. அப்பா வரேன்" என்று போனில் சொல்லிவிட்டு, கைகழுவி, சட்டை மாற்றினார். தனியாக எப்படிப் போவீர்கள், பஸ்ஸில் அறிவிப்பு காதில் விழாதே, நானும் வருகிறேன் என்று அண்ணி பின்னாலேயே போனாள். "நீ வீட்டைப் பாத்துக்கோ. அவ ரூமை ஒழிச்சு வை" என்றார். என்னிடம் மட்டும் நின்று சொன்னார்: "எழுத்தை இது காட்டட்டும். மூஞ்சியை நான் நேர்ல போய்ப் பாத்துக்கறேன்."

மற்றதை மகள்தான் எனக்குச் சொன்னாள். கதவைத் திறந்தது மாப்பிள்ளை. "வாங்க மாமா, என்ன திடீர்னு? ஒண்ணுமில்ல மாமா, சின்ன விஷயம், நான் விவரமா சொல்றேன் உங்களுக்கு" என்று முன்னால் வந்து நின்றானாம். அண்ணன் அவன் உதட்டைப் படித்திருக்க வேண்டும். அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்க உட்கார்ந்து, போனை அவள் முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டாராம்.

"மொதல்லேருந்து சொல்லும்மா" என்றாராம், அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கிற குரலில். "ஒண்ணும் விடாத."